நாடா இசையும் நமது செவியும்

2023ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்து ஓர் இசைத்தொகுப்பு வெளிவந்தது. அகமதாபாத் நகரிலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் சேமிப்பில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் கேட்பாரற்றுக் கிடந்த ஒலிநாடாக்களைப் பால் பர்காஸ் என்ற பிரித்தானியக் கலைஞர் தேடியெடுத்துத் தொகுத்தது அது. 1969 முதல் 1972 வரை அந்நிறுவனத்தில் இயங்கிய மின்னிசைக் கூடத்தில் இந்தியக் கலைஞர் ஐவர் செய்த ஆக்கங்கள் அதில் அடங்கியுள்ளன. கீதா சாராபாய், ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா என்போர் அவ்வைவர். கூடத்தை அமைத்துக் கொடுத்த அமெரிக்கரான டேவிட் டியூடரின் பதிவுகளும் உடன் உள்ளன.

இத்தொகுப்பைக் கேட்ட நண்பர்கள் இருவகையாகப் பேசினர். கருநாடக இசையிற் பழகிய ஒருவர், "சுருதியுமில்லை, தாளமுமில்லை, இரைச்சலுக்கு இசை என்று பெயரிட்டால் போதுமா?" என்றார். முற்போக்கு அணியைச் சார்ந்த மற்றொருவரோ, "ஆலைத் தொழிலாளர் நகரத்தில் அமெரிக்க யந்திரத்தை வைத்துக்கொண்டு சீமான் வீட்டார் விளையாடிய விளையாட்டு" என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்புக் கூறிவிட்டார். முதலாமவருக்கு விடை கூறுவது எளிது. இரண்டாமவரின் கூற்றிற் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதியைப் பற்றியே நாம் இங்குச் சற்று விரிவாகப் பேச வேண்டியுள்ளது.

நாடா இசை என்பது யாது? வாத்தியத்தை வாசிப்பதற்குப் பதிலாக, உலகில் ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருக்கும் ஓசைகளை, அதாவது கதவு, மழை, புகையிரதம், சந்தை, குழந்தையின் அழுகை ஆகியவற்றை, காந்த நாடாவிற் பதிந்து, அந்நாடாவை வெட்டியும் ஒட்டியும் ஆக்கும் இசை அது. நாடா என்பது இரும்பு ஒட்சைட்டுத் தூள் பூசிய மெல்லிய பட்டை. இசைக்கூடங்களில் அது வினாடிக்கு 38 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓடும். ஆகவே அங்கே காலம் நீளமாகிவிடுகிறது. அரை வினாடி என்பது 19 சென்ரிமீற்றர். அதைச் சவர அலகினால் நறுக்கலாம், கையில் எடுத்து வெளிச்சத்திற் பிடித்துப் பார்க்கலாம், திருப்பி ஒட்டலாம். வேகத்தைப் பாதியாக்கினால் ஒலி ஒரு ஸ்தாயி கீழிறங்கும், நேரம் இரட்டிக்கும். சேவலின் கூவல் ஏதோ பெருவிலங்கின் முனகலாகிவிடும். பின்னோக்கி ஓட்டினால் கோயில் மணியோசை தேய்ந்து மறைவதற்குப் பதிலாக மௌனத்திலிருந்து வளர்ந்து வந்து திடீரென அறுபடும். இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கினால் ஒரு சொல் ஓயாது திரும்பத் திரும்ப வரும். சற்று நேரத்தில் அதன் பொருள் உதிர்ந்து ஒலி மட்டும் நிற்கும். சிறுவர்க்கு இதைச் செய்து காட்டினால் வகுப்பறை சிரிப்பில் மூழ்கும். அச்சிரிப்பை இழிவென்று கருதுவோர் கலையின் ஊற்றுக்களுள் ஒன்றை அறியாதவர் என்றே நாம் கொள்வோம்.

ஆனால் இவ்விளையாட்டு எளிய விளையாட்டன்று. ஜோன் கேஜ் 1952ஆம் ஆண்டளவில் 'வில்லியம்ஸ் மிக்ஸ்' என்ற ஆக்கத்துக்காக நகரத்து ஓசை, நாட்டுப்புறத்து ஓசை, மின்னோசை, காற்றால் எழும் ஓசை என்றவாறு ஆறு வகையாக நூற்றுக்கணக்கான பதிவுகளைத் திரட்டினார். அவற்றைத் துணுக்குகளாக நறுக்கி எட்டு நாடாக்களில் ஒட்டி முடிக்க மாதக்கணக்காயிற்று. கேட்பதற்கோ நாலேகால் நிமிடந்தான். ஒட்டிக் கொடுத்தவர்களுள் ஒருவர், பின்னாளில் அகமதாபாத்துக்கு வந்த அதே டேவிட் டியூடர். பாயிழைக்கும் பெண்ணின் பொறுமை இல்லாதவருக்கு இக்கலையில் இடமில்லை.

இக்கலை முழுவதும் மேனாட்டிற் பிறந்து நமக்கு இறக்குமதியான சரக்கு என்ற எண்ணமும் சரியன்று. 1944இல் கெய்ரோ நகரில் ஹலீம் எல் டாப் என்ற எகிப்திய இளைஞர், வானொலி நிலையமொன்றில் கம்பிப் பதிவுக் கருவியை இரவல் வாங்கிக்கொண்டு, பெண்கள் நடத்தும் 'ஸார்' என்ற பேயோட்டும் சடங்கிற் புகுந்து பாடல்களைப் பதிந்தார். பின்னர் அப்பதிவிலிருந்து சில தன்மைகளை அகற்றியும் எதிரொலி சேர்த்தும் புதியதோர் ஆக்கத்தைச் செய்தார். பாரிஸ் வானொலிப் பொறியியலாளர் பியர் ஷேஃபர் புகையிரத ஓசைகளைத் தட்டுக்களிற் பதிந்து அமைத்த ஆக்கம், 'ஓசைக் கச்சேரி' என்ற பெயரில் ஒலிபரப்பானது அதற்கு நான்காண்டுகளுக்குப் பின், 1948 ஒக்டோபர் 5ஆம் திகதி. இருந்தும் வரலாற்று நூல்களிற் பெரும்பாலானவை பாரிஸிலிருந்தே தொடங்குகின்றன. வியப்பொன்றுமில்லை.

1948 என்ற ஆண்டு வேறொரு வகையிலும் நமக்கு நினைவுக்குரியது. அவ்வாண்டு பெப்ரவரி 10ஆம் திகதி சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்திய குழு இசைத்துறையில் 'உருவவாதத்தை'க் கண்டித்துத் தீர்மானம் இயற்றியது. ஷொஸ்தகோவிச், புரொகோபியெவ் போன்ற மேதைகள் அதனால் அல்லலுற்றனர். 1958இல் அத்தீர்மானத்தின் அநீதிகள் பலவற்றை அக்குழுவே ஏற்றுத் திருத்தியது. எனினும் அதன் நிழல் நம்மவர் பலரின் மனத்தினின்று இன்னும் அகலவில்லை. பழகாத ஓசையைக் கேட்டவுடன் 'உருவவாதம்' என்று முத்திரை குத்துவது அந்நிழலின் வேலைதான். அவ்வாறு செய்வோர், புரட்சி நாட்டின் சொந்த வரலாற்றையே மறந்துவிடுகின்றனர். 1922 நவம்பர் 7ஆம் திகதி பாக்கூ துறைமுகத்தில் ஆர்சேனி அவ்ராமவ் ஆலைச் சங்குகள், கப்பல்களின் ஊதல்கள், புகையிரத எஞ்சின்கள், பீரங்கிகள் ஆகியவற்றைக் கொண்டு ஒரு நகரத்தையே வாத்தியமாக்கி 'சங்குகளின் சிம்பொனி'யை நடத்தினார். ஸீகா வெர்தோவ் 1931இல் திரைக்கு வந்த தமது 'உற்சாகம்' படத்துக்காகக் கனத்த பதிவுக் கருவிகளைத் தொன்பாஸ் சுரங்கங்களுக்கும் உருக்காலைகளுக்கும் தூக்கிச் சென்றார். இரைச்சல் என்று அதையும் பழித்தவர் அன்றே இருந்தனர். ஆக, கண்டெடுத்த ஓசைகளைக் கொண்டு இசை செய்வது பூர்ஷ்வாக்களின் தனிச்சொத்து என்று யார் சொன்னது?

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அதைக் காண ஷேஃபரின் கொள்கைக்குள் நாம் சற்று நுழைய வேண்டும். பைதகரஸ் என்ற கிரேக்க ஞானி திரைக்குப் பின்னாலிருந்து போதித்தாராம். முகத்தைக் காணாத மாணாக்கர் சொல்லை மட்டும் ஊன்றிக் கேட்டனராம். ஒலிபெருக்கியும் அத்தகைய திரையே என்றார் ஷேஃபர். ஓசை எதிலிருந்து பிறந்தது, யார் பிறப்பித்தார், எதற்காக என்பவற்றையெல்லாம் மறந்துவிட்டு அதன் நிறம், எடை, திண்மை, அசைவு ஆகியவற்றை மட்டும் கேட்க வேண்டும். அப்படிக் கேட்கப்படும் ஓசையை 'ஒலிப்பொருள்' என்று அவர் அழைத்தார். செவிக்கு இது நல்ல பயிற்சி என்பதை நாம் மறுக்கவில்லை. யாப்பு படிக்கும் மாணவன் சிறிது நேரம் பொருளை மறந்து அசையையும் சீரையும் மட்டும் பார்க்கத்தானே வேண்டும்! ஆனால் பயிற்சியே கொள்கையாகும்போது வேறொன்று நிகழ்கிறது. புகையிரத நிலையத்தின் ஓசையிலிருந்து கரி வாரிக் கொட்டியவனை அகற்றிவிட்டு, எஞ்சியதை அழகிய பொருளென்று நம் முன் வைக்கிறார்கள். சந்தையில் வைக்கப்பட்ட பண்டம் தன்னைச் செய்த கையை மறைத்துக்கொள்கிறது என்று மார்க்ஸ் காட்டினார் அல்லவா? ஒலிப்பொருளும் அவ்வாறே தன்னைப் பிறப்பித்த கையை மறைத்துக்கொள்கிறது.

நமது மரபு இதற்கு நேர்மாறான செவியை வளர்த்தது என்பதை ஆசிரியர்களும் மாணவர்களும் எண்ணிப் பார்க்க வேண்டும். தொல்காப்பியர் நிலத்துக்குரிய கருப்பொருள்களைத் தொகுக்கும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் என்பவற்றோடு பறையையும் தொழிலையும் யாழின் பகுதியாகிய பண்ணையும் ஒரே வரிசையில் வைக்கிறார். நிலம், தொழில், ஓசை ஆகிய மூன்றும் அங்கே பிரியாதவை. நெய்தலுக்கு உரிய பறை எது என்று உரையாசிரியர்களைக் கேட்டால் 'மீன்கோட்பறை' என்பார்கள். மீன் பிடிக்கையில் முழக்கும் பறை! பறையின் பெயரிலேயே தொழில் இருக்கிறது. சொல்லதிகாரத்தின் உரியியலில் ஓசையைக் குறிக்கும் சொற்களைத் தொல்காப்பியர் இரு கூறாக்குவதும் நோக்கத்தக்கது. இயம்பல், இரங்கல் முதலியவை இசைப்பொருளன. கம்பலை, சும்மை முதலியவை அரவப்பொருளன. அரவமும் இலக்கணத்துக்குள் இடம்பெற்ற மொழி இது. கச்சேரி மேடைக்கு அது விலக்கப்பட்டது பிற்காலத்தில்தான். இப்போது நம் கருநாடக இசை நண்பருக்கும் விடை கிடைத்திருக்கும் என நம்புகிறோம். பழைய காலத்துச் செவி இன்றும் அப்படியே நம்மிடம் இருக்கிறது என்று பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தச் செவியைப் புலவர்களாகிய நாமே எப்படிக் கெடுத்தோம் என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஷேஃபரின் திரையை அவருடைய குழுவினுள்ளிருந்தே கிழித்தவர் லூக் ஃபெராரி. 1929இற் பிறந்து 2005இல் மறைந்த இவருடைய 'ஏறக்குறைய ஒன்றுமில்லை' என்ற ஆக்கத்தை, சிலாபம் போன்ற கரையூர்களில் வாழ்வோர் எவரும் ஒருமுறையேனும் கேட்க வேண்டும். அன்றைய யூகோசிலாவியாவின், இன்றைய குரொவேசியாவின், அத்திரியாத்திக் கடலிலுள்ள கோர்ச்சுலா தீவில் வேலா லூக்கா என்றொரு மீனவர் ஊர் உண்டு. 1960களின் பிற்பகுதியில் அங்கே தங்கியிருந்த ஃபெராரி, சன்னற் கட்டையில் ஒலிவாங்கியை வைத்து நாள்தோறும் விடியற்காலத்தைப் பதிந்தார். அப்பதிவுகளிலிருந்து ஏறத்தாழ 21 நிமிடங்கள் கொண்ட ஒரே விடியலை ஆக்கினார். 1970இல் அது இசைத்தட்டாக வெளிவந்தது.

என்ன கேட்கிறது அதில்? வள்ளத்தின் எஞ்சின் தொலைவில் தொடங்குகிறது. சேவல் கூவுகிறது. கழுதை கத்துகிறது. யாரோ யாரையோ அழைக்கிறார். பெண்களின் பேச்சு. ஒரு பாட்டுக் குரல். சில்வண்டுகள் மெல்ல மெல்லப் பெருகி முடிவில் ஊர் முழுவதையும் மூடிக்கொள்கின்றன. ஓட்டம் மாறவில்லை, தலைகீழாக்கமில்லை, மாயவித்தை எதுவுமில்லை. வெட்டும் ஒட்டும் இருக்கின்றன. ஆனால் செவிக்குப் புலப்படா. இதைக் கேட்ட பாரிஸ் குழுவினர் முகத்தைச் சுளித்து, இது இசையே அன்று என்றார்களாம். வள்ளம் வள்ளமாகவே கேட்கிறதே, கழுதை கழுதையாகவே கேட்கிறதே என்பதுதான் அவர்களின் குறை! நமக்கோ அதுவே இதன் நிறை. ஓசைக்குரிய ஊரும் தொழிலும் ஓசையோடு சேர்ந்தே வருகின்றன. சிலாபத்துக் களப்பின் வாயிலில் நின்று கேட்டாலும் இதே ஒழுங்குதான்: முதலில் எஞ்சின், பிறகு காகம், பிறகு மனிதர். மீன் வந்தபின் ஏலக் குரல். தமிழிலும் சிங்களத்திலும் மாறிமாறி எண்கள் ஏறும். ஐஸ் உடைக்கும் ஓசை, கூடைகள் சீமெந்துத் தரையில் உரசும் ஓசை.

ஆயினும் ஃபெராரியிடம் நமக்கு ஒரு மனக்குறை உண்டு. அவர் சன்னலைத் திறந்தார். கதவைத் திறந்து இறங்கிப் போகவில்லை. அந்த எஞ்சின் யாருடையது? வள்ளம் அவனுக்குச் சொந்தமா, கூலிக்கு ஓடுகிறானா? முந்திய இரவு பட்டதா, படவில்லையா? விடுமுறைக்கு வந்தவனின் செவிக்கு எல்லா விடியலும் அமைதியானவை. வெறும் கையோடு கரையேறும் வள்ளத்தின் எஞ்சினும், நிறைந்து வரும் வள்ளத்தின் எஞ்சினும் நீரில் அமிழ்ந்து வரும் ஆழத்தால் வேறுவேறாக ஒலிக்கும் என்று கரையில் காத்திருக்கும் பெண்களுக்குத் தெரியும்.

இறங்கிப் போன கலைஞரும் உண்டு. இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த லூயிஜி நோனோ 1964இல் ஜெனோவா நகரின் இத்தால்சிதெர் உருக்காலைக்குள் சென்று, உலையின் ஓசைகளைப் பதிந்து, ஒரு பெண்குரலோடும் பாடகர் குழுவின் குரல்களோடும் இணைத்து 'ஒளியூட்டப்பட்ட தொழிற்சாலை'யை அமைத்தார். அதிலுள்ள சொற்களைக் கண்டு இத்தாலிய வானொலி அதனை ஒதுக்கிவிட, வெனிஸ் விழாவில் அது அரங்கேறியது. முக்கியமானது அதன் பின் நடந்தது. நோனோ அதைத் தொழிலாளரிடமே கொண்டு சென்று கேட்பித்து அவர்களோடு விவாதித்தார். தம் ஓசையை மற்றொருவர் என்ன செய்தார் என்று கேள்வி கேட்கும் உரிமை, ஓசைக்கு உரியவர்களுக்குக் கிடைத்தது. நாடா இசையின் வரலாற்றில் இதைவிடப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை என்போம்.

இனி அகமதாபாத்துக்குத் திரும்புவோம். அந்நகரின் ஆலை வரலாற்றிலே சாராபாய் குடும்பத்துக்கு இரு முகங்கள். ஆலை அதிபர் அம்பாலால் சாராபாய். 1918 வேலைநிறுத்தத்தில் அவருக்கு எதிராகத் தொழிலாளர் பக்கம் நின்ற அவருடைய சகோதரி அனசூயா. கீதா அம்பாலாலின் மகள். பெண்கள் தொடாத பக்கவாஜ் என்ற முழவைப் பயின்றவர். 1946இல் நியூயோர்க் சென்று ஜோன் கேஜிடம் மேனாட்டு இசை கற்று, கைம்மாறாக இந்திய இசையை அவருக்குக் கற்பித்தவர். இசையின் பயன் மனத்தை அடக்கித் தெளிவிப்பது என்று இவர் சொல்லக் கேட்டு கேஜின் சிந்தனையே திசை திரும்பியது. மேனாட்டுப் புதுமைக்கு நாம் கடன்பட்டவர்கள் மட்டும் அல்லர், கடன் கொடுத்தவர்களுமாவோம். 1969இல் டியூடர் 'மூக்' என்ற மின்னிசைக் கருவியையும் நாடாப் பொறிகளையும் கொண்டு கூடத்தை அமைத்தபோது, அது வெள்ளைக்காரன் கற்பிக்க இந்தியன் கற்கும் பள்ளியாக மட்டும் இருக்கவில்லை என்பதற்கு ஆக்கங்களே சான்று. 'ஒருகால் நான் தம்பூரா வாசித்தேன்', 'எனது பறவைகள்', 'காற்றும் குமிழிகளும்' என்ற தலைப்புக்களிலேயே குறும்பு கொப்புளிக்கிறது. 'விண்வெளிக் கப்பல் 2001' செய்த ஜோஷிபுரா அப்போது மாணவர். சந்திரனில் மனிதன் கால்வைத்த ஆண்டில் ஓர் இளைஞனின் கற்பனை வானத்திற் பறந்ததிற் குற்றமென்ன? இவற்றைக் கேட்கும்போது, ஒரு புதிய கருவியைக் கையிலெடுத்த மனிதர்களின் கலப்பற்ற மகிழ்ச்சி நம்மையும் தொற்றிக்கொள்கிறது. சீமான் வீட்டு விளையாட்டு என்று தள்ளிவிட்ட நண்பர் இந்த மகிழ்ச்சியைக் கேட்கத் தவறிவிட்டார்.

ஆனால் அவர் கூற்றின் மறுபாதி நிற்கிறது. நிறுவனம் சபர்மதியின் மேற்குக் கரையில். ஆலைகள் பெரும்பாலும் ஆற்றுக்கு அப்பால், கிழக்கில். ஒரு நாளை மூன்றாக வகுத்த ஆலைச் சங்குகள், ஆயிரக்கணக்கான தறிகள், வேலை மாறும் நேரத்துத் தெருக்கள். பாக்கூவிலும் தொன்பாஸிலும் தேடிச் சென்று பதிந்த ஓசைகளெல்லாம் இங்கே ஒரு பாலத்துக்கு அப்பால் இருந்தன. அதே 1969 செப்டெம்பரில் அந்நகரில் மதக்கலவரம் மூண்டு நூற்றுக்கணக்கானோர், பெரும்பாலும் முஸ்லிம்கள், கொல்லப்பட்டனர். தொழிலாளர் குடியிருப்புக்கள் எரிந்தன. வெளியான தொகுப்பின் தலைப்புக்களை வரிசையாகப் படித்தால் பறவை உண்டு, காற்று உண்டு, விண்வெளி உண்டு, 'போருக்குப் பின்' என்பதும் உண்டு. ஆலை இல்லை, தறி இல்லை, தெரு இல்லை. ஓசைகளைக் கண்டெடுக்கும் கலை எதைக் கண்டெடுக்காமல் விட்டது என்பதையும் விமரிசகன் கேட்க வேண்டும்.

இது வெறும் குறைகூறல் அன்று. 1980களிலும் 1990களிலும் அந்த ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பல்லாயிரவர் தெருவில் நின்றனர். தறிகளின் ஓசை நகரத்தை விட்டுப் போய்விட்டது. உயர்ந்த கருவிகள் இருந்தன, கூரிய செவிகள் இருந்தன, ஓசையும் இருந்தது. மூன்றும் ஒன்றையொன்று சந்தித்திருந்தால்?

இக்கேள்வியோடு நம் கரைக்கு வருவோம். சிலாபத்துக்கு வடக்கே உடப்பு என்ற தமிழ் மீனவர் ஊர் உள்ளது. திரௌபதியம்மன் கோயிலுக்கும் தீமிதிப்புக்கும் பெயர் பெற்ற அவ்வூருக்குக் கரைவலையே நெடுங்காலத் தொழில். வள்ளத்தில் வலையைக் கடலில் வளைத்திறக்கி, இரு முனைக் கயிறுகளையும் கரையில் நின்று பலர் கூடி இழுப்பார்கள். இழுக்கும்போது பாடுவது அம்பா. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர் ஏலேலோ என்று வாங்கிக்கொள்வர். அந்த வாங்கலிலேதான் எல்லாக் கைகளும் ஒருசேரக் கயிற்றைப் பற்றிப் பின்வாங்கும். வலை தொலைவில் கிடக்கும்போது அம்பா நீண்டு நடக்கும். மடி கரையை நெருங்க நெருங்க அது குறுகி விரைவுபெறும். மீன் துள்ளத் தொடங்கினால் சொற்கள் உதிர்ந்து கூவல் மட்டும் எஞ்சும். தாளத்தை அங்கே கணிப்பது மிருதங்கமன்று, கடலின் எதிரிழுப்பு. சிங்கள மீனவரின் மாதல் வலைக்கும் இவ்வாறே இழுவைப் பாட்டு உண்டு. கயிற்றின் பாரத்துக்கு மொழிபேதம் தெரியாது.

நம் புலவர்கள் இதை என்ன செய்தார்கள்? நாட்டார் பாடல் தொகுப்பென்று ஏட்டிலே எழுதினார்கள். ஏலேலோ வருமிடங்களில் மூன்று புள்ளி வைத்தார்கள். மூச்சு, முக்கல், சிரிப்பு, இடையில் விழும் வசை எல்லாவற்றையும் நீக்கினார்கள். காதலும் உவமையும் உள்ள வரிகளை மட்டும் பொறுக்கி, பாடத்திட்டத்துக்கு ஏற்ற பாட்டாக்கினார்கள். ஷேஃபர் ஓசையை வைத்துக்கொண்டு உழைப்பை அகற்றினார். நாமோ சொல்லை வைத்துக்கொண்டு ஓசையையும் உழைப்பையும் சேர்த்தே அகற்றினோம். பொருளற்ற அசை என்று நாம் தள்ளிய அந்த ஏலேலோதான் அம்பாவின் எலும்பு என்பதை நாடா இசை பழகிய ஒருவன் முதற் கேள்வியிலேயே அறிந்துகொள்வான். வளையமாக ஓடும் நாடாவைப் போலத் திரும்பத் திரும்ப வரும் அவ்வசையில், ஒவ்வொரு முறையும் பாரம் வேறு, குரலின் கனம் வேறு. இக்கலையிலிருந்து தமிழாசிரியர் கற்க வேண்டியது இதுவே என்பது நம் துணிபு.

காலமும் அதிகமில்லை. இலங்கைக் கரையோரத்தில் பல இடங்களில் உழவு இயந்திரத்திற் பொருத்திய வின்ச் கரைவலையை இழுக்கத் தொடங்கியது. அதை எதிர்த்து மீனவரிடையே வழக்குகளும் சச்சரவுகளும் எழுந்தன. பலர் இழுத்த கயிற்றைப் பொறி இழுத்துவிடும். பொறிக்குப் பாட்டு வேண்டியதில்லை, கூலியும் வேண்டியதில்லை. அம்பா குறைவது கலை நலிவு மட்டுமன்று. பங்கு கேட்ட கைகள் குறைவதும் அதுவே. வலைச் சொந்தக்காரருக்கு இவ்வளவு, இழுத்தவர்க்கு இவ்வளவு என்ற கணக்கிலே ஓசையின் வரலாறு எழுதப்படுகிறது. ஆகவே பழைய நாளை எண்ணி ஏங்கும் பாடல் சேகரிப்பை நாம் கேட்கவில்லை. முதுகெலும்பு முறியும் அந்த இழுவைக்கு மனிதர் மீண்டும் திரும்ப வேண்டும் என்று வேண்டுபவன் மீனவன் அல்லன், நகரத்து ரசிகன்.

மொழியின் கதியும் இதனோடு பின்னியது. சிலாபத்திலிருந்து நீர்கொழும்பு வரையுள்ள கரையிலே, தமிழ் பேசிய கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் பல, பள்ளிக்கூட மொழி மாறிய ஓரிரு தலைமுறைக்குள் சிங்களம் பேசுவோராயின. பாட்டி தமிழில் மன்றாடுவாள். பேரன் சிங்களத்தில் மறுமொழி கூறுவான். அப்பாட்டியின் குரலை எழுத்திற் பதிந்தால் தமிழ் மட்டும் எஞ்சும். நாடாவிற் பதிந்தால் பேரனும் உடன் வருவான், பின்னணியில் கடலும் வரும். மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுவதைப் பதிந்து உலகுக்குக் கேட்பிக்க 1950களிலேயே ஆர்வலர் முன்வந்தனர். நல்லதே. மீனவர் பேசுவதைப் பதிய முன்வந்தோர் எத்தனை பேர்?

கருவி இல்லை என்ற சாக்கு இன்று செல்லாது. அன்று அகமதாபாத்தில் ஓர் அறையை நிறைத்த வசதி இன்று மேல்வகுப்பு மாணவன் ஒவ்வொருவனின் சட்டைப்பையிலும் கைத்தொலைபேசியாக இருக்கிறது. வெட்டலாம், ஒட்டலாம், தலைகீழாக்கலாம். சவர அலகும் வேண்டாம். விளையாடட்டும். தேங்காய் உரிக்கும் அலவாங்கின் ஓசை, தும்பு அடிக்கும் ஓசை, முன்னேஸ்வரத்து மேளம், தேவாலய மணி, புத்தளம் புகையிரதத்தின் ஊதல் எதையும் விலக்க வேண்டியதில்லை. பாண் விற்கும் முச்சக்கர வண்டியையும் மறந்துவிடக்கூடாது. பெத்தோவன் ஒரு பெண்ணுக்காகப் பியானோவில் எழுதிய சிறு இசையை, இலங்கையின் ஒழுங்கைகளில் மாலைதோறும் சூடான பாணின் அறிவிப்பாக அந்த வண்டிகள் கீச்சுக் குரலில் ஒலித்துச் செல்கின்றன. நம் குழந்தைகளுக்கு அது ஜெர்மன் இசையன்று, பாண் இசை. இதைவிடக் குறும்பான கண்டெடுத்த ஓசையைப் பாரிஸில் எவரும் கண்டெடுத்ததில்லை.

ஒன்றை மட்டும் நாம் மாணவரிடம் வற்புறுத்துவோம். பதிந்த ஒவ்வொன்றுக்கும் உறையொன்று எழுத வேண்டும். எந்தக் கரை, எந்த நாள், காற்று எது; வலை யாருடையது, கயிற்றில் எத்தனை பேர், பட்டது எவ்வளவு, பங்கு எவ்வளவு; பதிய ஒப்பியவர் யார், பதிந்ததை அவருக்குத் திரும்பக் கேட்பித்தாயிற்றா. அதன் பின் அவன் அதை எத்தனை துண்டாக நறுக்கினாலும், எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் நமக்கு ஆட்சேபமில்லை. மேற்குக் கரையில் கரைவலைப் பருவம் ஏப்பிரல் அளவில் முடிந்துவிடும். சோளகம் பிறந்தால் கடல் கொந்தளிக்கும்; வலைகளை உலர்த்தி மடித்து வைத்துவிட்டு ஆட்கள் பலர் கிழக்குக் கரைக்குப் போய்விடுவார்கள்.